மே பதினாலு, பதினோரு டாக்டர்

ஆறாவது ஆளும் உள்ள போயாச்சு. கதவு சாத்துன சத்தம்கூடக் கேக்கல, மதுரையில பெரிய ஓட்டல்லா, கதவுக்கும் மரியாதை படிச்சுக் குடுத்திருக்கான். இனி நான், எனக்குப் பொறவு ரஹ்மத்நிஷா, அதோட முடிஞ்சுது. எங்க மருந்துக் கம்பெனியில இது ஒரு வழக்கம், அரையாண்டு மதிப்பீட்டுக்குப் பேர் வரிசையில கூப்பிட மாட்டாவ, விற்பனை வரிசையிலதான் கூப்பிடுவாவ. இலக்குல நூத்திப் பத்து சதவீதம் அடிச்சவன் முதல்ல போய்க் கைகுலுக்கிட்டு வந்து, அன்னா சாப்பாட்டு ஹால்ல பல்லக் காட்டிக்கிட்டு நிக்கான். கடைசி ரெண்டு நாற்காலி யாருக்குன்னு காபி கொண்டாந்த ஆளுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. மத்தவங்களுக்கெல்லாம் பிஸ்கட் வச்சாரு, எங்க ரெண்டு பேர்ட்ட வந்ததும் பிஸ்கட் தீந்துட்டுன்னாரு. ஒருவேள நெசமாவே தீந்திருக்கும். எனக்கு இப்ப எதப் பாத்தாலும் எனக்குன்னே நடக்குத மாதிரி இருக்கு. கோட்டி புடிச்சிராதலே ஆவுடையப்பா. ஒரு அரை மணி நேரம், ஒரு கையெழுத்து. பதினாறு வருஷமா பையத் தூக்கிக்கிட்டு எத்தன டாக்டர் வாசல்ல எத்தன அரை மணி நேரம் உக்காந்திருக்க, இது என்ன பெரிய இது. ஏசி வேற நேரா கழுத்துல அடிக்கி. சாப்பாட்டு ஹால்லருந்து நெய்ச்சோத்து வாசம் வருது.

சட்டைப் பையில அந்தச் சீட்டு இருக்கு. தொட்டுப் பாத்துக்கிட்டேன், இதோட ஒம்பதாவது தடவ. எபனேசர் எழுதிக் குடுத்தது. வேற கம்பெனி மெடிக்கல் ரெப், எங்க ரெப் சங்கத்துல பொறுப்புல இருக்கான், என் வயசுதான், ரெண்டு பேரும் ஒரே நாள்ல இந்தத் தொழிலுக்கு வந்தோம். முந்தாநாள் பாளையங்கோட்டையில ஒரு கிளினிக் வாசல் டீக்கடையில வச்சு எழுதினான். ‘அனுமதி வாங்கி எடுத்த பதிமூன்று நாள் வருட லீவை என் இலக்கிலிருந்து கழிக்கவில்லை. இந்த மதிப்பீட்டை நான் ஏற்கவில்லை.’ ரெண்டே வரி. மதிப்பீட்டு ஃபாரத்துல கடைசிப் பக்கத்துல ஊழியர் கருத்துன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல எழுதணும். அந்தக் கட்டத்துல எங்க கம்பெனியில எவனும் இதுவரைக்கும் வேற எதையும் எழுதினது கிடையாது. ‘அக்செப்டட், வில் இம்ப்ரூவ்’, அவ்வளவுதான். சம்மதம், முன்னேறுவேன். நானும் பதினாறு வருஷமா முன்னேறுவேன் முன்னேறுவேன்னு எழுதிக் குடுத்துக்கிட்டே வாரேன், எங்க போய்ச் சேந்தேன்னு தெரியல. “லீவு உன் உரிமைவே, அவன் போடுத பிச்சையில்ல” ன்னான் எபனேசர், டீக்கிளாஸ ஆட்டிக்கிட்டே. “பதினோரு நாள் உழைச்சா ஒரு நாள் லீவு நமக்குன்னு சட்டத்துல கிடக்கு. லீவையும் குடுத்துட்டு, அந்த நாளுக்கும் வித்துக் காட்டுன்னா அதுக்குப் பேரு லீவாவே? நீரு எழுதிட்டு வாரும், மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்.” அவனுக்கென்ன, டீக்கடை பெஞ்சில இருந்துக்கிட்டு ஆயிரம் சொல்லுவான். ஆனா அவன் போட்ட கணக்கு நெசம். அந்தப் பதிமூணு நாளைக் கழிச்சா நான் எண்பத்தெட்டு சதவீதம். கழிக்காட்டி எண்பத்தொண்ணு. எண்பத்தஞ்சுக்குக் கீழ போனா தொண்ணூறு நாள் முன்னேற்றத் திட்டம். பேரு நல்லாத்தான் இருக்கு. போன வருஷம் அதுக்குள்ள போன நாலு பேரும் தொண்ணூறு நாளைக்குள்ள தானாவே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டாவ, அதுல ஒருத்தர் சிவகாசியில மாமனார் கடையில பில் போடுதாரு. எனக்கு மாமனார் கடையும் கிடையாது. வயசு நாப்பத்தொண்ணு, மக பூரணி பதினொண்ணாவது படிக்கா. பதினொண்ணு. பதினோரு நாள் உழைச்சா ஒரு நாள். சவத்த, எதத் தொட்டாலும் இந்த எண்ணு வந்து நிக்குது. காலையில பஸ் ஏறும்போது கோமதி சொன்னா, “எழுதிருங்க, பயப்படாதீங்க. ஆனா எழுதினா வேலைக்கு ஒண்ணும் வந்துராதுல்லா?” எழுதவும் செய்யணும், ஒண்ணும் வந்துரவும் கூடாது. எம் பொண்டாட்டி கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்ல, நானும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

பக்கத்துல ரஹ்மத்நிஷா போன்ல பிள்ளையப் பாத்துக்கிட்டு இருக்கா. சத்தம் வைக்கல, படம் மட்டும். அவளுக்கு ராமநாதபுரம் ஏரியா. பிரசவ லீவு ஆறு மாசம் எடுத்துட்டு ஆகஸ்டுலதான் திரும்பி வந்தா, வந்து பாத்தா கடைசி ரேங்க். வேலைக்கே வராத மாசத்துக்கெல்லாம் டார்கெட் போட்டு, அதுக்கு நேரா முட்டை முட்டையா வச்சிருக்கான். முதல்ல அதக் கேட்டு நானே சிரிச்சேன், அப்படியும் செய்வானாலேன்னு. அவ சிரிக்கல. இப்ப துப்பட்டாவ நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு இருக்கா, காலையில நாலரைக்குப் பால் குடுத்தது, நேரமாக ஆக அவளுக்கு வலிக்கும்போல, நான் அந்தப் பக்கம் திரும்பாம இருக்கேன். “அண்ணே, உள்ள யாரெல்லாம் இருக்காங்க?” ன்னு கேட்டா. சென்னையிலருந்து மண்டல மேனேஜர் சக்கரபாணி சார், அப்புறம் நம்ம ஜெபசிங் சார், ரெண்டு பேர்தான்னு சொன்னேன். “ஜெபசிங் சார் நம்ம பக்கம் பேசுவாருல்ல?” ஜெபசிங் சார் எங்க ஏரியா மேனேஜர். நல்ல மனுஷன். நல்ல மனுஷன்னு நான் சொல்லும்போதே எனக்கு என்னவோ செய்யுது. பேசுவாரும்மான்னு சொன்னேன். அவ போனை மூடிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னா, “எனக்கும் எபனேசர் அண்ணன் ரெண்டு வரி எழுதிக் குடுத்தாங்கண்ணே. பையில வச்சிருக்கேன். நீங்க எழுதினா நானும் எழுதுவேன். நீங்க எழுதலேன்னா எனக்குத் தைரியம் வராது, சொல்லிட்டேன்.” ஏ தாயி, எந்தலையில கொண்டு வந்து வைக்கியே. நானே ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நிக்கேன், எம்மேல ஏறி நிக்கப் பாக்கா. பாப்போம்மான்னு சொன்னேன். பாப்போம்னா என்ன அர்த்தம்னு அவளுக்கும் தெரியும், நாங்க தினம் டாக்டர்கிட்ட கேக்குத வார்த்தைதானே அது.

அந்தப் பதிமூணு நாளுக்கு நான் முறையா விண்ணப்பம் போட்டேன். மே பதினஞ்சுலருந்து இருபத்தொம்பது வரைக்கும், அம்மா பதினாறாம் நாள் காரியம் முடியுத வரைக்கும், நடுவுல ரெண்டு ஞாயித்துக்கிழமை கழிச்சு. கணக்குல நாப்பது நாளுக்கு மேல லீவு கிடந்துது, வருஷா வருஷம் எடுக்காமச் சேந்தது. போன்ல உள்ள கம்பெனிச் செயலியில பச்சை எழுத்துல அனுமதின்னு வந்துது. அதுக்கு முன்னால ஜெபசிங் சார் போன் பண்ணி, “மூணு நாள் பத்தாதாலே? மாசக் கடைசிலே, விற்பனைக் கணக்கு க்ளோசிங் இருக்குல்லா” ன்னாரு. எங்க அம்மைக்கு மூத்த மவன் நாந்தான் சார்னேன். அப்படியான்னாரு. அனுமதி குடுத்தாரு, அதையும் சொல்லணும். காரியத்துக்கு வந்து, கிறிஸ்தவர் பாருங்க, என்ன செய்யணும்னு தெரியாம மாலையக் கையில வச்சுக்கிட்டே அரை மணி நேரம் வெயில்ல நின்னாரு. ஆனா அந்தப் பதினஞ்சு நாள்ல எனக்கு இருபத்தோரு தடவ போன் வந்துது. சங்கரன்கோவில் மருந்து ஸ்டாக்கிஸ்ட்ட ஒரு வார்த்தை பேசிரு, தென்காசியில அந்த டாக்டருக்கு ஒரு மெசேஜ் போட்டுரு. தலைய மழிச்சு ஈரத்துண்டோட உக்காந்துக்கிட்டு நான் சர்க்கரை மாத்திரைக்கு ஆர்டர் கேட்டேன். அய்யரு மந்திரத்த நிப்பாட்டிட்டு என்னயப் பாத்தாரு. அப்புறம் ஜூன்ல ஒரு மீட்டிங், போன்லதான், சக்கரபாணி சார் எங்க எல்லார் கோட்டையும் காட்டினாரு, அவன் அவன் விற்பனை ஏறி இறங்குத கோடு. “திருநெல்வேலி மே மாசம் ஏன் விழுந்திருக்கு?” ஜெபசிங் சார் முந்திக்கிட்டு, “லீவு சார், ஜூன்ல சரி பண்ணிருவான்” ன்னாரு. லீவு. அவரு சொன்ன விதத்துல, நான் குத்தாலத்துல சாரல்ல குளிச்சுக்கிட்டு கிடந்த மாதிரி இருந்துது. சரி பண்ணிருவேன் சார்னு நானும் சொன்னேன். எதச் சரி பண்ண?

உள்ளயிருந்து சிரிப்புச் சத்தம். ஆறாவது ஆளோட சிரிக்காரு சக்கரபாணி. அப்ப அவனோட எண்பத்தாறுக்குச் சிரிப்பு உண்டு. எண்பத்தொண்ணுக்குக் கிடையாது. நான் எழுதிருவேன். எழுதிட்டு நிமிந்து உக்காருவேன். என்ன செய்வான்? ஏம்பா இப்படி எழுதினேன்னு கேப்பான். லீவு உரிமை சார்னு சொல்லணும். அப்ப சொல்லுவான், சரி, உன் ஆறு மாசத்தையும் நாள் நாளா எடுப்போம், எத்தன நாள் லீவு, எத்தன நாள் வேலை. நாள் நாளா எடுத்தா மே மாசம் வரும். மே மாசம் வந்தா பதினஞ்சுக்கு முன்னால பதினாலு வரும். வேண்டாம். அங்க போகாத. வேற எதையாவது நினை. நெய்ச்சோறு, ஏசி, பூரணிக்கு வாங்கிட்டுப் போகவேண்டிய கணக்கு நோட்டு. கணக்கு நோட்டு பதினொண்ணு கேட்டாளா, ஆறா? ஆறுதான். மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்னு எங்க அம்ம சொல்லுவா. மடியில கனம் இருக்கு அம்மா. எபனேசர்கிட்ட அதச் சொல்லல நான். கோமதிகிட்டயும் சொல்லல. இந்த அஞ்சு மாசமா ஒருத்தர்ட்டயும் சொல்லல, ஜெபசிங் சாருக்கு மட்டும் தெரியும், ஏன்னா சொல்லிக் குடுத்ததே அவருதான்.

மே பதினொண்ணு காலையில அம்மைக்கு மூச்சு முட்டுதுன்னு ஆஸ்பத்திரியில சேத்தோம். பெரிய தனியார் ஆஸ்பத்திரி, என் லிஸ்ட்ல உள்ள டாக்டர்மாரு பதினாலு பேர் அங்கதான் இருக்காவ. நான் லீவு கேட்டு போன் பண்ணினேன். ஜெபசிங் சார் பதறிப்போயி, அம்மாவுக்கு எப்படி இருக்கு, ரத்தம் எதுவும் வேணுமா, நான் வரட்டுமான்னு எல்லாம் கேட்டாரு. அதுக்கப்புறம் குரலத் தாழ்த்தி, “ஆவுடையப்பா, ஒண்ணு சொல்லுதேன் கேளு. லீவு போடாத. போட்டா உன் ஆவரேஜ் விழுந்துரும், நாளைக்கு மதிப்பீட்டுல நாந்தான் பதில் சொல்லணும். நீ அந்த ஆஸ்பத்திரியிலதான இருக்கப்போற? உன் டாக்டர்லாம் அங்கதான இருக்காவ? அங்க இருந்தே கால் போட்டுரு. செயலியும் நீ நிக்குத இடத்தச் சரியாத்தான் காட்டும். ஒரு பயலும் ஒண்ணும் கேக்க மாட்டான்.” ஒரு டாக்டரப் பாத்து மருந்தப் பத்திப் பேசினா அதுக்கு எங்க பாஷையில ஒரு கால். ஒரு நாளைக்குப் பத்து கால் போடணும். லீவு எடுத்த நாளுக்கு முட்டை. மாசக் கடைசியில எல்லாத்தையும் கூட்டி மொத்த நாளால வகுப்பான், லீவு நாளையும் சேத்து. அதனால எங்க ஆட்கள் ஜுரத்துல படுத்துக்கிட்டே கால் போடுவாவ, மச்சினன் கல்யாணத்துல பந்தியில இருந்துக்கிட்டு கால் போடுவாவ. எல்லாரும் செய்யுததுதான். எனக்கும் அப்ப அது உதவியாத்தான் பட்டுது. எவ்வளவு நல்ல மனுஷன், எனக்காக யோசிக்காரேன்னு கண்ணு கலங்கிச்சு, நெசமாச் சொல்லுதேன்.

எங்க அம்ம பீடி சுத்தினவ. நான் படிச்சது அவ விரல்லதான். அவளுக்கு லீவுன்னா என்னன்னே தெரியாது, “எங்க பீடிக்கடையில வருஷத்துக்கு ஒருக்கா லீவுச் சம்பளம்னு குடுப்பாவ, லீவு எடுத்தவ ஒருத்தியும் கிடையாது” ம்பா, பெருமையாச் சொல்லுதாளா கேலியாச் சொல்லுதாளான்னு கண்டுபிடிக்க முடியாது. தினம் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணி, “எய்யா, இன்னைக்கு எத்தன டாக்டரப் பாத்த?” ம்பா. பத்துன்னா சந்தோஷம். ஏழுன்னா, “ஏன்யா, மேலுக்கு முடியலியா?” ம்பா. எம் மவன் தினம் பத்து டாக்டரப் பாக்கான்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருந்தா, கேக்குதவளுக நான் ஏதோ சீக்காளின்னு நினைச்சிருப்பாளுவ. அந்த ஆஸ்பத்திரியில மூணாம் நாளு, மூக்குல குழாயோட, நான் உள்ள போனதும் என் கையப் புடிச்சுக்கிட்டு, “வேலைக்குப் போகலியாய்யா? லீவு போட்டா வைவாவளே” ன்னா. இல்லம்மா, நான் வேலையிலதான் இருக்கேன்னு சொன்னேன். பொய் சொல்லல பாருங்க. செயலியில அப்படித்தான் இருந்துது. அவ என் டையப் பாத்தா. ஆமா, நான் டை கட்டியிருந்தேன், யாராவது கம்பெனி ஆளு பாத்துட்டா என்ன சொல்லன்னு நாலு நாளும் டை கட்டிக்கிட்டு, பையத் தூக்கிக்கிட்டு ஐசியூ வாசல்ல நின்னேன். டையப் பாத்ததும் அவளுக்கு நிம்மதி. கையவிட்டுட்டா. “போ, போய்ப் பாரு” ன்னா. நான் வெளிய வந்து ரெண்டாம் மாடிக்குப் போயி எலும்பு டாக்டரப் பாத்தேன். அஞ்சு நிமிஷம், வலி மாத்திரையோட சேத்துக் குடுக்குத வாயுத் தொல்லை மாத்திரையப் பத்திப் பேசினேன். அந்த அஞ்சு நிமிஷம். அந்நேரம் அவகூட இருந்திருக்கலாம். அவதான போகச் சொன்னான்னு எனக்கு நானே எத்தன தடவ சொல்லியாச்சு. சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாத்தான் கேக்குது.

பதினாலாம் தேதி நாலு நாப்பதுக்கு இதய டாக்டர் வெளிய வந்தாரு. என்னய அவருக்கு பத்து வருஷமாத் தெரியும், என் காலண்டரத்தான் மேசையில வச்சிருக்காரு. தோள்ல கை வச்சாரு. அதுக்கு முன்னால ஒருநாளும் அவரு என் தோள்ல கை வச்சதில்ல. “எங்களால முடிஞ்சதெல்லாம் பாத்துட்டோம் ஆவுடையப்பன்” னாரு. எனக்கு அழுகை வரல. எனக்கு அப்ப என்ன தோணிச்சுன்னு சொன்னா எந்த நரகத்துலயும் எனக்கு எடம் கிடைக்காது. இவரையும் பாத்தாச்சு, இதோட எட்டுன்னு தோணிச்சு. எட்டு. மனசு அதுபாட்டுக்கு எண்ணிப்போட்டுது, நான் எண்ணல, பதினாறு வருஷமா எண்ணிப் பழகின மனசு. அப்புறம் கையெழுத்து வாங்க ஒரு டாக்டர், மருந்துச் சீட்டு முடிக்க ஒரு டாக்டர், தெரிஞ்சவருன்னு விசாரிக்க வந்த ஒருத்தர், பதினொண்ணு ஆயிட்டு. ஆறு மணிக்கு ஆம்புலன்ஸ்ல ஏறினோம். பின்னால கோமதியும் தம்பியும் அம்மையும். நான் முன்னால டிரைவர் பக்கத்துல. ஏழு மணிக்குள்ள அன்னைக்கு ரிப்போர்ட்ட அனுப்பாட்டி செயலி பூட்டிரும். ஜெபசிங் சார்ட்டருந்து மெசேஜ், ‘ரிப்போர்ட் வரல.’ அவருக்கு அப்ப விஷயம் தெரியாது, அவரு மேல குத்தம் இல்ல. நான் அந்த ஆம்புலன்ஸ்ல இருந்துக்கிட்டு பதினோரு பேரையும் ஒவ்வொண்ணாப் போட்டேன். எத்தன மணி, என்ன மருந்து, எத்தன சாம்பிள். இதய டாக்டர், நாலு நாப்பது. டாக்டர் என்ன சொன்னார்னு கடைசியில ஒரு கேள்வி உண்டு, மூணு பதில்ல ஒண்ணத் தொடணும். ஆதரவு தருவார், யோசிப்பார், மறுத்தார். நான் ஆதரவு தருவார்னு தொட்டேன். பாலத்துல ஏறும்போது வண்டி குலுங்கிச்சு, பின்னால கோமதி ‘அத்தே’ ன்னு ஒரு சத்தம் போட்டா. நான் அனுப்பு பட்டனத் தொட்டுட்டுத்தான் திரும்பிப் பாத்தேன்.

அதனாலதான் எழுத முடியாது. புரியுதா ரஹ்மத்நிஷா? லீவு உரிமைன்னு இந்த வாயால சொன்னா, அந்த நாலு நாளு நீ என்னலே செஞ்சேன்னு அந்த வாய்க்குள்ளயே கையை விடுவான். பொய் ரிப்போர்ட்டுக்கு முன்னேற்றத் திட்டமெல்லாம் கிடையாது, நேரா வீட்டுக்குத்தான். ஜெபசிங் சாரும் போவாரு, அவருக்கு ரெண்டு பொம்பளப் பிள்ள. இப்ப சம்மதம் முன்னேறுவேன்னு எழுதினா தொண்ணூறு நாளாவது மிஞ்சும். தொண்ணூறு நாளுக்குள்ள என்னவும் நடக்கலாம், சக்கரபாணிக்கே வேற ஊருக்கு மாத்தல் வரலாம். எழுதிட்டு வெளிய வந்து இந்தப் பிள்ள மூஞ்சியப் பாக்காம நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிரணும். சாப்பாடு வேண்டாம். அவ என்ன நினைச்சா எனக்கென்ன, எம் பாடு எனக்கு. ஆனா சம்மதம்னு எழுதினா எதுக்குச் சம்மதம்? அம்மைக்கு மூத்த மவன் கொள்ளி வச்சு பதினாறு நாள் உக்காந்தது குத்தம், அதுக்குச் சம்மதம். சாகக் கிடந்தவள விட்டுட்டு டை கட்டி எலும்பு டாக்டரப் பாத்தது ரொம்பச் சரி, அதுக்கும் சம்மதம். கையில வேர்வை. சீட்டு நனைஞ்சிருச்சு போல. கதவு திறக்கு.

“அண்ணே,” ன்னா ரஹ்மத்நிஷா. திரும்பாம உள்ள போனேன். சக்கரபாணி சார் நல்லாத்தான் உக்காரச் சொன்னாரு, தண்ணி வேணுமான்னு கேட்டாரு. ஜெபசிங் சார் பேனாவ மூடி மூடித் திறந்துக்கிட்டு இருந்தாரு. சுவத்துல என் ஆறு மாசம் வெளிச்சமா நின்னுது, பச்சையும் சிவப்புமா. “எண்பத்தொண்ணு,” ன்னாரு சக்கரபாணி. “ஏன் ஆவுடையப்பன்?” மே மாசம் பதிமூணு நாள் லீவு சார், கழிச்சா எண்பத்தெட்டுன்னு சொன்னேன். “அம்மா இறந்தது தெரியும்பா, எனக்கு ரொம்ப வருத்தம். ஆனா லீவு எடுக்கறது உங்க சொந்த விஷயம், டார்கெட் கம்பெனியோடது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது.” அப்புறம் அவரு முகத்துல ஒரு சிரிப்பு வந்துது, தட்டிக்குடுக்குத சிரிப்பு. எழுந்து போயி சுவத்துல ஒரு பச்சைக் கட்டத்து மேல விரல வச்சாரு. “நான் குறை மட்டும் சொல்ற ஆள் இல்ல. இங்க பாருங்க, லீவுக்கு முந்தின நாள். மே பதினாலு. பதினோரு டாக்டர். ஆறு மாசத்துல உங்க பெஸ்ட் டே இதுதான். காலைல ஆறரைக்கு அந்த ஆஸ்பத்திரிக்குள்ள போனவர் சாயங்காலம் ஆறு வரைக்கும் நகரவே இல்ல. இதய டாக்டர்கூட ஆதரவு தருவார்னு வந்திருக்கு. உங்களால முடியுது பாருங்க! அன்னிக்கு என்ன பண்ணினீங்களோ அதையே தினமும் பண்ணுங்க, அவ்வளவுதான் நான் கேக்கறது.”

ஜெபசிங் சார் பேனாவ மூடின கை அப்படியே நின்னுட்டு. என்னயப் பாக்கல. நான் சொல்லணும்னு நினைக்கல, அது தானா வந்துது. “அன்னைக்கு எங்க அம்ம செத்துப்போனா சார். அந்த ஆஸ்பத்திரியிலதான். நாலு நாப்பதுக்கு.” சக்கரபாணி சார் சுவத்தப் பாத்தாரு, என்னயப் பாத்தாரு, மறுபடி சுவத்தப் பாத்தாரு. அப்புறம் நெசமாவே புரியாம, நெசமாவே எம்மேல அக்கறையாக் கேட்டாரு, “அப்போ லீவு போட்டிருக்க வேண்டியதுதானேப்பா?”

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அம்மைக்கு வராத அழுகையும் அதுகூடவே வந்துது, எது எதுன்னு பிரிக்க முடியல. ஃபாரத்த இழுத்தேன். அவங்க குடுத்த பேனா எழுதல, ரெண்டு தடவ கிறுக்கிப் பாத்தேன், சட்டைப் பையிலருந்து என் பேனாவ எடுத்தேன். சீட்டப் பாக்கவே தேவைப்படல, எபனேசரோட ரெண்டு வரியும் மனப்பாடமா வந்துது. அதுக்குக் கீழ, கட்டத்துல மிச்சம் இருந்த எடத்துல, நுணுக்கி நுணுக்கி எழுதினேன். ‘மே 11 முதல் 14 வரை நான் வேலை பார்க்கவில்லை. என் அம்மாவோடு இருந்தேன். அந்த நாலு நாளும் எனக்கு லீவு. பதினோரு டாக்டரையும் கணக்கிலிருந்து எடுத்துவிடவும்.’ ஜெபசிங் சார் பேர எழுதல. அவரு மெதுவா, “ஆவுடையப்பா, வேண்டாம்லே” ன்னாரு, அதுல மிரட்டல் இல்ல, கெஞ்சல்தான் இருந்துது. அம்மாவோடு இருந்தேன்னு எழுதினதும் பொய்தான், ரெண்டாம் மாடிக்குப் போனேன்லா. அந்த ஒரு பொய் மட்டும் இருக்கட்டும்னு விட்டுட்டேன். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, ஃபாரத்த அந்தப் பக்கம் தள்ளினேன். இனி கடிதம் வரும். ஒரு வாரம், பத்து நாள். கோமதிகிட்ட எப்படிச் சொல்லன்னு பஸ்ஸுல யோசிக்கணும்.

வெளிய வந்தேன். ரஹ்மத்நிஷா எந்திச்சு நின்னுக்கிட்டு இருந்தா, பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. என் கண்ணப் பாத்தா. உள்ள குடுக்குத பேனா எழுதாது தாயி, இத வச்சுக்கோன்னு சொல்லி என் பேனாவ அவ கையில குடுத்தேன்.